வலி, அழற்சி மருந்துகள் உட்கொள்வோரை வீட்டில் பராமரித்தல்

(மூத்தோரைப் பேணும் குடும்பத்தினருக்கான தகவல் அமர்வில் வழங்கப்பட்ட உரை)



மேற்குச் சிட்னியின் தமிழ் இல்லங்கள் பலவற்றில், சமையலறை அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதனுள் பிஸ்கட் இராது. மாத்திரை அட்டைகள் இருக்கும். பாதி தீர்ந்த பனடோல், முதுகுப் பிடிப்புக்கு வாங்கிய நியூரோஃபென், பல் பிடுங்கியபோது மருத்துவர் எழுதித் தந்து மிஞ்சிய கோடீன் மாத்திரை, யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ உறவினர் ஒருவர் அன்புடன் கொண்டுவந்த டைக்ளோஃபெனாக், மூலையில் ஒரு கோடாலித் தைலக் குப்பி. இவ்வுரை அந்த டின்னைப் பற்றியும், அதைத் திறந்து மூத்தவர் ஒருவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கையைப் பற்றியும் ஆகும்.

ஓர் இல்லத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எழுபத்து நான்கு வயதுடைய ஒரு தாயார் மகனோடும் மருமகளோடும் வாழ்கிறார். முழங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது. இரத்த அழுத்தத்திற்குக் காலையில் ஒரு மாத்திரை உட்கொள்கிறார். மூட்டு நோவுக்குப் பனடோல் போதவில்லை என்று, ஊரிலிருந்து வந்த மாத்திரையைக் காலையும் மாலையும் சேர்த்துக்கொள்கிறார். நோவு நன்றாகத் தணிகிறது. மூன்றாம் நாளே படியேறுகிறார். பூசையறையில் தரையில் அமர்கிறார். வீட்டார் மகிழ்கின்றனர். இரண்டு வாரம் கழித்து அவர் களைத்துப் போகிறார். பாதம் வீங்குகிறது. ‘வயதாகிவிட்டது, வெயிலும் கடுமை’ என்று அவரும் சொல்கிறார், பிள்ளைகளும் ஏற்றுக்கொள்கின்றனர். இந்த இரண்டு வாரத்தில் அவருடைய சிறுநீரகங்கள் செயல் குன்றி வந்ததை எவரும் அறியவில்லை. நோவு தணிந்ததா என்ற ஒரு கேள்வியை மட்டுமே அந்த வீடு கேட்டுக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் ஒரு தாதி வலி மருந்து கொடுத்தால், அவருடைய பணி மாத்திரையை விழுங்க வைப்பதோடு முடிவதில்லை. கொடுக்கும் முன் நோவை மதிப்பிடுகிறார். கொடுத்த பின் திரும்பி வந்து மீண்டும் மதிப்பிடுகிறார். அந்த மருந்து வேறு எந்த உறுப்பைத் தொடுகிறது என்றும் கவனிக்கிறார். வீட்டில் அந்தப் பணியைச் செய்பவர் மகளோ, மருமகளோ, வாழ்க்கைத் துணையோ ஆவார். அவருக்குத் தாதியின் பட்டம் தேவையில்லை. ஆனால் தாதி எதைப் பார்க்கிறாரோ அதைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மருந்தின் இயல்பு. இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ரொக்சென், மெலொக்சிகாம், செலிகொக்சிப் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நியூரோஃபென், வோல்டாரென், மோபிக், செலிபிரெக்ஸ் என்பன கடைப் பெயர்கள். அஸ்பிரினும் இவற்றின் மூத்த உறவே. உடலில் புரொஸ்டாகிளான்டின் என்னும் பொருள் உருவாவதை இவை தடுக்கின்றன என்பதை 1971இல் ஜோன் வேன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் கண்டறிந்தார். 1982இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அடிபட்ட மூட்டில் இப்பொருள் வீக்கத்தையும் நோவையும் உண்டாக்குகிறது. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதிக் குழாயை விரித்து வைக்கிறது. மூட்டுக்குப் பகையானது வயிற்றுக்கும் சிறுநீரகத்திற்கும் காவலாக இருக்கிறது. மாத்திரைக்கு இந்த வேற்றுமை தெரியாது.

இதிலிருந்து ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்திக்கொள்ளலாம். ‘சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது’ என்பது பரவலான எண்ணம். உணவோடு உட்கொள்வது வயிற்று எரிவைக் குறைக்கக்கூடும்; அது நல்ல பழக்கமே. எனினும் இம்மருந்து இரைப்பையைத் தாக்குவது பெரும்பாலும் குருதி வழியாகவே. ஊசியாகப் போட்டாலும், ஆசனவாய் வழியாக வைத்தாலும் புண் ஏற்படக்கூடும். ஆகவே சோறு உண்டபின் கொடுத்தோம் என்பதனால் கண்காணிப்பைத் தளர்த்துவதற்கில்லை. கந்தசஷ்டி, வெள்ளிக்கிழமை என்று விரதமிருக்கும் மூத்தவர்களோ வெறும் வயிற்றில், நீரும் குறைவாக, வழக்கமான மாத்திரைகளை மட்டும் தவறாமல் விழுங்குவர். விரதத்திற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, அந்நாட்களில் எதை நிறுத்தலாம், எதை நிறுத்தலாகாது என்று எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

இரைப்பைப் புண்ணில் ஒரு வஞ்சனை உண்டு. வயிற்றில் புண் என்றால் வயிறு நோகும் என்றே அனைவரும் எதிர்பார்ப்பர். வலி மருந்து உட்கொள்ளும் முதியவரிடம் அந்த நோவு தோன்றாமலே போகலாம். முதல் அறிகுறியாகக் கசிவே வந்து நிற்கும். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, வழக்கத்திற்கு மாறான துர்நாற்றத்துடன் வெளியேறும். வாந்தி எடுத்தால் கோப்பித் தூள் கலந்தது போல் இருக்கலாம். மெதுவாகக் கசியுமாயின், முகம் வெளிறுவது, எழுந்து நிற்கையில் தலை சுற்றுவது, நாலடி நடந்தாலே மூச்சு வாங்குவது ஆகியவை மட்டுமே தெரியும். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பது உண்மை; ஆயினும் அதை ஊகித்து அமைதியடைவது வீட்டாரின் வேலையன்று. கருமலமோ குருதி வாந்தியோ கண்டால் 000 எண்ணை அழைக்க வேண்டும்; காலைவரை காத்திருத்தல் ஆகாது.

இங்கே தமிழ் இல்லங்களுக்கே உரிய ஓர் இடர் குறுக்கிடுகிறது. மாமனாரிடம் மருமகள் மலத்தின் நிறத்தைக் கேட்பதெப்படி? மகனும் கேட்கமாட்டான். பெரியவரோ கழிவறையில் கண்டதை எவரிடமும் சொல்லார். இந்தக் கூச்சம் பண்பாட்டில் ஊறியது. அதைப் பழித்துப் பயனில்லை. வேறு வழி காணலாம். மருந்து தொடங்கும் நாளிலேயே, ‘இந்த மாத்திரை சிலருக்கு வயிற்றில் இரத்தம் கசிய வைக்குமாம், கறுப்பாகப் போனால் உடனே சொல்லச் சொல்லி மருத்துவர் சொன்னார், அப்பா’ என்று ஒருமுறை சொல்லி வைப்பது போதும். கேள்வி மருத்துவருடையதாகிவிடுகிறது. பேரப்பிள்ளை ஒருவர் அதைக் கேட்டுச் சொல்வதும் பல வீடுகளில் எளிதாக நடக்கிறது.

வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவரொக்சபான் போன்ற குருதி உறைவைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்பவர், முன்னர் இரைப்பைப் புண் இருந்தவர், பிரெட்னிசொலோன் எடுப்பவர் ஆகியோருக்குக் கசியும் வாய்ப்பு மேலும் கூடுகிறது. மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் இவ்வரிசையில் சேரும். இதய நோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர் அதைத் தாமாக நிறுத்தலாகாது. அதனுடன் இபுபுரோஃபென் சேர்ந்தால் அஸ்பிரினின் காப்புத் திறன் குன்றவும் கூடும். ஆஸ்த்துமா உள்ளவர்களில் சிலருக்கு இம்மருந்துகள் மூச்சிறுக்கத்தை வரவழைக்கும். இவற்றையெல்லாம் வீட்டார் மனனம் செய்ய வேண்டியதில்லை. கடையில் வாங்கும் முன் மருந்தாளரிடம் முழு மருந்துப் பட்டியலைக் காட்டினால் அவர் சொல்லிவிடுவார்.

இனி முன்பு கூறிய தாயாரின் சிறுநீரகத்திற்கு வருவோம். சிறுநீரகத்தை ஒரு வயலாகக் கொண்டால் செய்தி எளிதில் விளங்கும். குளத்திலிருந்து மடை வழியே நீர் வயலுக்கு வருகிறது; மறுபுறம் கடைவாய் வழியே வெளியேறுகிறது. வயலில் நீர் ஓரளவு நின்றால்தான் வேலை நடக்கும். இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் தரப்படும் நீரிறக்கி மருந்து குளத்தின் நீரைக் குறைக்கிறது. பெரிண்டொப்ரில், ராமிபிரில், டெல்மிசார்டன், இர்பெசார்டன் போன்ற மருந்துகள் கடைவாயை அகலமாகத் திறக்கின்றன. இவ்விரண்டும் மருத்துவர் அறிந்து, அளந்து தருபவை; அவற்றால் நன்மையே மிகுதி. மூன்றாவதாக அழற்சி மருந்து வந்து மடையைச் சுருக்குகிறது. குளத்தில் நீர் குறைவு, வரும் வழி ஒடுக்கம், போகும் வழி அகலம். வயல் காய்ந்துவிடுகிறது.

இம்மூன்றும் ஒன்றுசேர்வதை அவுஸ்திரேலிய மருத்துவர்கள் ‘மும்முனை அடி’ என்ற பொருள்படும் ஒரு பெயரால் குறிப்பிடுகின்றனர். அந்தத் தாயார் உட்கொண்டதோ காலையில் ஒரே ஒரு இரத்த அழுத்த மாத்திரை. மூன்று எங்கிருந்து வந்தது? இந்நாட்டில் பெரிதும் வழங்கும் கவர்சில் பிளஸ் போன்ற மாத்திரைகளில் பெரிண்டொப்ரிலும் நீரிறக்கியும் ஒன்றாகவே அடங்கியுள்ளன. பெட்டியின் மேல் இரண்டு மருந்துப் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டார் கண்ணுக்கு அது ஒரு மாத்திரை; சிறுநீரகத்திற்கு இரண்டு.

கோடை இதை மேலும் கடுமையாக்கும். 2020 சனவரி 4ஆம் நாள் பென்ரித்தில் வெப்பம் 48.9 பாகை செல்சியசைத் தொட்டது. அத்தகைய நாட்களில், இரவில் எழ வேண்டியிருக்கும் என்று நீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் மூத்தவர்கள் பலர். வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் வரும் நாட்களும் அவ்வாறே. இந்நாட்களில் மருத்துவரையோ மருந்தாளரையோ உடனே அழைத்து, எந்த மருந்தை இடைநிறுத்துவது என்று கேட்க வேண்டும். சிறுநீர் குறைந்து அடர்நிறமாவது, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி நிற்பது, படுத்தால் மூச்சு முட்டித் தலையணையை உயர்த்துவது ஆகியவை கவனத்துக்குரியவை. இதயம் பலவீனமானவருக்கு நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்த பின், உண்ணுமுன், ஒரே வகை ஆடையில் எடை பார்த்துக் குறிப்பது பயன் தரும். இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையன்று, நீர். அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இக்குடும்ப மருந்துகளில் சில மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் வழிகோலும் என்பது உலகம் அறிந்த செய்தி. வயொக்ஸ் என்ற மாத்திரை 2004 செப்டெம்பரில் இக்காரணத்தினாலேயே உலகெங்கும் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. ஆகவே ‘மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாட்கள்’ என்று மருத்துவர் சொல்வது வெறும் வழக்கச் சொல்லன்று.

பாரசிட்டமோல் வேறு இனம். அது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் இவ்வாறு தாக்குவதில்லை. அதன் ஆபத்து கல்லீரலில். உடல்நலமுள்ள வளர்ந்தோருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்பதே உச்ச வரம்பு. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உடல் மெலிந்தவர், உணவு குறைந்தவர், கல்லீரல் நோயுடையவர் ஆகியோருக்கு வரம்பு இதனினும் குறையும். அதை மருத்துவரே சொல்ல வேண்டும். மூட்டு நோவுக்கென விற்கும் பனடோல் ஒஸ்டியோவில் ஒரு மாத்திரை 665 மில்லிகிராம். அது மெல்லக் கரைவது. நாளொன்றுக்கு ஆறுக்கு மேல் ஆகாது. உடைத்தோ பொடித்தோ கொடுக்கலாகாது. தடிமன் காய்ச்சலுக்கு வாங்கும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் பாரசிட்டமோல் மறைந்திருக்கும். ஊரிலிருந்து வரும் நோவு மாத்திரைகள் பலவற்றில் அழற்சி மருந்தும் பாரசிட்டமோலும் கலந்தே உள்ளன. மூன்று பெயரில் ஒரே மருந்தைக் கொடுத்துவிடும் பிழை இவ்வாறே நேர்கிறது.

அளவு மீறினால் அன்றே தெரியாது என்பதே பாரசிட்டமோலின் கொடுமை. முதல் நாள் நோயாளர் இயல்பாகவே இருப்பார். கல்லீரல் சிதைவதோ அதற்குப் பின்னர். மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்திற்குள் தொடங்கினால் அது மிக நன்றாகக் காக்கும். எனவே கணக்குத் தவறிவிட்டது என்ற ஐயம் எழுந்ததுமே, அறிகுறிக்குக் காத்திராமல், நச்சுத் தகவல் மையத்தை 13 11 26 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். அது இரவும் பகலும் இயங்குகிறது. 2025 பெப்ரவரி முதல் பல்பொருள் அங்காடிகளில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரைகளே விற்கப்படுவதும் இந்த ஆபத்தைக் கருதியே. விலையேற்றும் தந்திரம் என்று குறைபட்டுக்கொள்பவர்கள் இதனை அறிதல் நன்று.

மருந்தைப் பற்றி இவ்வளவு. நோவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதனினும் கடினமானது. ஏனெனில் அது மொழியோடு பின்னியது.

இந்நாட்டுத் தாதி, ‘சுழியத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை?’ என்று கேட்பார். தமிழ்ப் பெரியவர் பலருக்கு இக்கேள்வி விளங்குவதில்லை. யாழ்ப்பாணத்தவர் ‘நோ’ என்பதைச் சென்னையிலிருந்து வந்தவர் ‘வலி’ என்பார். கால் உளைகிறது, கை கடுக்கிறது, நெஞ்சு எரிகிறது, முதுகு பிடிக்கிறது, பல் விண்விண் என்று தெறிக்கிறது, நரம்பு சுண்டி இழுக்கிறது. இத்தனை சொற்களுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. எரிவும் மின்னல் போன்ற தெறிப்பும் நரம்பு நோவைக் குறிக்கலாம்; அதற்கு அழற்சி மருந்து பெரிதும் உதவாது, வேறு மருந்து தேவை. காலையில் விறைப்பு நெடுநேரம் நீங்காதிருப்பது அழற்சி மூட்டுவாதத்தின் அடையாளமாகலாம். பேரன் இவை அனைத்தையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் மொழிபெயர்த்துவிட்டால், மருத்துவருக்குச் சென்று சேர வேண்டிய செய்தியில் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதில் வேறொரு குறையும் உண்டு: பேரன் முன் பாட்டி தம் மலச்சிக்கலையோ மார்பகக் கட்டியையோ சொல்வாரா? அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றித் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். 131 450 என்ற தேசிய எண்ணில் தொலைபேசி வழியாகவும் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். முன்பதிவு செய்யும்போதே ‘தமிழ்’ என்று குறிப்பிடச் சொல்ல வேண்டும்.

எண் சொல்ல இயலாதவரிடம் வேறு வகையில் கேட்கலாம். நேற்று நடந்த தூரம் இன்று நடந்தாரா, இரவு நோவால் விழித்தாரா, தாமே தலை வாரினாரா என்பவை எண்ணைவிட நல்ல அளவுகோல்கள். மருந்து கொடுத்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் கேட்பது மறக்கத்தகாத படி. பயன் தராத மருந்தை நாட்கணக்கில் தொடர்வது, அதன் தீமையை மட்டும் ஏற்றுக்கொள்வதாகும்.

மறதி நோயுற்றவர்கள் நிலை மேலும் துயரமானது. முதுமையில் கற்ற ஆங்கிலம் முதலில் மறைகிறது, தாய்மொழியே எஞ்சுகிறது, பின்னர் அதுவும் நலிகிறது. அவர் நோவைச் சொல்லார். மாறாக முனகுவார், முகத்தைச் சுளிப்பார், ஓர் இடத்தைப் பொத்திக்கொள்வார், உணவை மறுப்பார், குளிப்பாட்ட வருபவரின் கையைத் தட்டிவிடுவார். ‘குணம் மாறிவிட்டது’ என்று இதனைக் கொள்வது பெரும்பிழை. இத்தகையோருக்கென அவுஸ்திரேலியாவிலேயே உருவாக்கப்பட்ட அபி வலி அளவுகோல், ஒலி, முகக்குறி, உடலசைவு, நடத்தை, நாடித்துடிப்பு போன்ற உடற்குறி, புண் முதலிய உடல் மாற்றம் என்ற ஆறையும் பார்க்கச் சொல்கிறது. முதியோர் இல்லத்தில் பெற்றோரைச் சேர்த்துள்ளவர்கள், அங்குள்ள தாதியிடம் இவ்வளவுகோலைப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்க உரிமையுடையவர்கள். தாயார் ‘ஐயோ, உளையுது’ என்றால் என்ன பொருள் என்று ஒரு தாளில் எழுதிப் படுக்கைக்கருகே ஒட்டி வைப்பது, தமிழறியாத பணியாளருக்குச் செய்யக்கூடிய பேருதவி.

அடுத்து, அபின் வழி வந்த மருந்துகள்: கோடீன், டிரமடோல், ஒக்சிகோடோன், மோர்பின், ஃபென்டனில். கோடீன் கலந்த மாத்திரைகள் 2018 பெப்ரவரி 1 முதல் இந்நாட்டில் மருத்துவர் சீட்டின்றிக் கிடைப்பதில்லை. இவற்றில் இரு வகைத் தவறுகள் நேர்கின்றன. இரண்டும் எதிரெதிர்த் திசையில்.

ஒன்று, அச்சமின்மை. அறுவைக்குப் பின் தந்த மாத்திரையை மிச்சம் வைத்து, பின்னொரு நாள் முதுகு நோவுக்குக் கணவருக்குக் கொடுப்பது. இம்மருந்துகள் மூச்சை மெதுவாக்கும். அதற்கு முன் தூக்கம் கூடும். கூப்பிட்டால் அரைகுறையாக விழித்து, பேசிக்கொண்டிருக்கையிலேயே உறங்கிப் போவார். வழக்கத்திற்கு மாறான ஆழ்ந்த குறட்டையும் எச்சரிக்கையே. அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருத்துவரை நாட வேண்டும். எழுப்ப முடியாவிட்டால் 000. உறக்க மாத்திரையும் மதுவும் இதனுடன் சேர்தல் கூடாது. நலொக்சோன் என்னும் மாற்று மருந்து மூக்கில் தெளிக்கும் வடிவில், 2022 சூலை முதல் நாடெங்கும் கட்டணமின்றி, சீட்டின்றி வழங்கப்படுகிறது, மருந்தகத்தில் கேட்கலாம். தோலில் ஒட்டும் பட்டையாயின், புதியதை ஒட்டும் முன் பழையதைக் கழற்ற வேண்டும். அதன்மேல் சுடுநீர்ப் பை வைக்கலாகாது. வெப்பம் மருந்தை வேகமாக உடலுக்குள் செலுத்தும். கழற்றிய பட்டையில் இன்னும் மருந்து இருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து, குழந்தைகள் கைபடாமல் அகற்ற வேண்டும்.

மற்றொன்று, அளவுகடந்த அச்சம். புற்றுநோயால் நோகும் தந்தைக்கு மோர்பின் எழுதித் தந்தால், ‘மோர்பின் என்றால் இறுதி என்று பொருள்’ எனப் பிள்ளைகள் அதைத் தள்ளிப் போடுகின்றனர். அடிமையாகிவிடுவார் என்கின்றனர். தந்தையும், ‘தாங்கிக்கொள்வேன்’ என்கிறார். பொறுமையைச் சிறப்பாக எண்ணி வளர்ந்த தலைமுறை அது. விளைவு, மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இரவைக் கழிக்கிறார். மோர்பின் நோயின் கட்டத்திற்காகத் தரப்படுவதன்று, நோவின் கடுமைக்காகத் தரப்படுவது. மருத்துவர் மேற்பார்வையில் அளந்து ஏற்றப்படும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. நேரம் தவறாமல் கொடுத்தால், நோவு முற்றி எழுமுன் தடுக்கப்படுகிறது. முற்றிய பின் தணிக்க மிகுந்த அளவு தேவைப்படும். நன்றாக உறங்கி, பிள்ளைகளோடு பேசி, இரண்டு கவளம் உண்ணக்கூடிய ஒரு வாரம் எவருக்கும் சிறிய கொடையன்று.

மலச்சிக்கல் மட்டும் ஏறத்தாழ அனைவருக்கும் வரும். நாட்பட்டாலும் பழகிப் போகாது. எனவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்பது பராமரிப்பவரின் கடமை. பப்பாளியும் கீரையும் நல்லவையே. இம்மருந்துக்கு அவை மட்டும் போதா. இரவில் தலைசுற்றி விழாதிருக்கக் கழிவறை வழியில் விளக்கும், வழுக்கும் பாய் அகற்றலும் வேண்டும்.

பிரெட்னிசொலோன் பற்றிச் சுருக்கமாக: காலையில், உணவோடு. சில வாரங்கள் எடுத்தவர் திடீரென நிறுத்தலாகாது. உடல் தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். நீரிழிவு மிகுந்த சமூகம் ஆதலால் இன்னொன்றும் நினைவில் வேண்டும்: இம்மருந்து சர்க்கரையை ஏற்றும், அதுவும் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும். காலைச் சோதனை மட்டும் பார்த்து நிம்மதியடையலாகாது.

பூசும் மருந்துகள் பாதுகாப்பானவை என்பது பெரிதும் சரியே. முழங்கால், கை மூட்டுகளுக்கு வோல்டாரென் களிம்பு பல முதியோருக்கு மாத்திரையினும் உகந்தது. உடலுக்குள் செல்லும் அளவு மிகக் குறைவு. ஆயினும் அதுவும் அக்குடும்ப மருந்தே. பட்டியலில் இடம் பெற வேண்டும். கோடாலித் தைலத்தில் மெத்தில் சாலிசிலேட் உண்டு. அது அஸ்பிரினின் உறவு. வார்ஃபரின் எடுப்பவர் நாள்தோறும் உடலெங்கும் தேய்த்துக்கொண்டால் குருதி கசியும் வாய்ப்புக் கூடும். மஞ்சளும் அவ்வாறே பேச்சுக்குரியதாகிவிட்டது. கறியில் இடும் மஞ்சளால் கேடில்லை. மூட்டு நோவுக்கென விற்கும் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பழுதுறலாம் என்று அவுஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரித்தது. ‘இயற்கை மருந்துதானே’ என்று மருத்துவரிடம் மறைப்பதே பெரும்பாலும் தீங்காகிறது. சித்த, ஆயுர்வேத மருந்துகளைச் சொன்னால் மருத்துவர் ஏளனம் செய்வார் என்ற தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கது. எனினும் அவர் அறியாத மருந்தோடு தம் மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் நிலைக்கு அவரை உள்ளாக்குவது நியாயமன்று.

திசெம்பர் விடுமுறையில் ஊர் செல்பவர்களுக்கும் ஒரு சொல். இலங்கையிலும் தமிழகத்திலும் மழைக்காலம் டெங்குக் காய்ச்சலின் காலம். அங்கே காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் எதையும் காய்ச்சலுக்கெனக் கொடுக்கலாகாது, குருதிப்பெருக்கு நேரலாம். பாரசிட்டமோலும் நீராகாரமுமே தக்கவை.

நடைமுறைக்கு ஒரு பள்ளிக் கொப்பி போதும். இடப்பக்கம் மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம். வலப்பக்கம் கொடுக்கும் முன் நோவு, ஒரு மணி நேரம் கழித்து நோவு, மலம் போனதா, எடை, கண்ட மாற்றம். மகன் காலையிலும் மருமகள் மாலையிலும் கொடுக்கும் வீட்டில், இருவரும் கொடுத்துவிடுவதையும் இருவரும் கொடாமல் விடுவதையும் இக்கொப்பியே தடுக்கிறது. மருத்துவரைக் காணச் செல்கையில் கொப்பியையும் அந்தப் பிஸ்கட் டின்னையும் அப்படியே எடுத்துச் செல்ல வேண்டும். பல மருந்து உட்கொள்பவருக்கு, குடும்ப மருத்துவரின் பரிந்துரையின்பேரில் மருந்தாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து அனைத்தையும் பரிசீலிக்கும் திட்டத்திற்குக் கூட்டாட்சி அரசு நிதியளிக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். நாள், வேளை வாரியாக மாத்திரைகளை அடைத்துத் தரும் அட்டையையும் மருந்தகத்தில் செய்து தருவர். இரவில் ஐயம் எழுந்தால் 1800 022 222 என்ற எண்ணில் பதிவுபெற்ற தாதி ஒருவரிடம் பேசலாம். ஆங்கிலம் தடையாயின் முதலில் 131 450ஐ அழைத்து இணைக்கச் சொல்லலாம். இவ்வுரையில் சொன்னவை பொதுத் தகவல்கள். ஒருவருக்குரிய அளவையும் மாற்றத்தையும் அவருடைய மருத்துவரே முடிவு செய்வார்.

டின்னில் இருப்பவற்றுள் காலாவதியானவை, எவருக்கு எழுதப்பட்டது என்று தெரியாதவை, பெட்டியின்றி அட்டை மட்டும் எஞ்சியவை ஆகியவற்றைக் குப்பையிலோ கழிவறையிலோ இடாமல் ஒரு பையில் இட்டு அருகிலுள்ள எந்த மருந்தகத்திலும் ஒப்படைக்கலாம். கட்டணம் இல்லை, கேள்வியும் கேட்கமாட்டார்கள்.